சில்வண்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும்

கதிர் அறுக்கும் மெஷினில் ஏறி உட்கார்ந்ததும் பகலவனுக்குப் பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். அந்த மெஷினில் ரேடியோ எதுவும் கிடையாது. இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நின்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாயசைவு மட்டுமே தெரியும். பாட்டு கேட்டது அவன் தலைக்குள்ளே. வயலை நீளவாக்கில் ஒரு நடை போய்வந்தால் பல்லவி முடியும், அடுத்த நடைக்குச் சரணம். இடையில் வரும் புல்லாங்குழலைக்கூட அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். வரப்போரம் மெஷினைத் திருப்புகிற நேரம் பார்த்து அது தானாக வந்து சேர்ந்துகொள்ளும். பதரும் தூசியும் வெயிலில் மினுங்கிக்கொண்டு மிதக்க, நடுவில் ஒரு மனிதன் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதை டெல்டாவில் பாதி ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். வேலையில் ஒரு தாள் கதிர் விட்டுப்போனதில்லை என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவனுக்கு. பண்ணையில் கூலி வேலை பார்த்த அவன் அப்பா, பிள்ளைக்குச் சூரியனின் பெயரை வைத்துவிட்டுத்தான் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து நடந்தாராம். மெஷின் முதலாளியுடையது, ஓட்டும் கை பகலவனுடையது. குறுவை அறுப்புக்கு உள்ளூரில் இறங்கினால் திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய்த்தான் வீடு திரும்புவான். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் எஞ்சின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றதும் தூக்கம் வரும்.

அவனுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். தலைக்குள் கேட்கிற பாட்டை, கேட்கிற மாதிரியே, ஒருநாள் வெளியே கேட்டுவிட வேண்டும். பக்கத்தில் சுடர்விழி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அவன் மனைவி. ஊர் தொடக்கப்பள்ளியில் டீச்சர். பாட்டென்றால் அவளுக்கும் உயிர், ஆனால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதாக இருவருக்குமே நினைவில்லை. ஒன்று அறுப்பு, இல்லையென்றால் பரீட்சை.

வீட்டு டிவியில் பாட்டுப் போட்டால் கோணிச்சாக்கைப் போட்டு மூடிய மாதிரி இருந்தது அவனுக்கு. போனிலும் அதே சாக்கு. பஸ்ஸில் போடுகிறார்களே, அது நனைந்த சாக்கு. ஒரு காலத்தில் மணி மணியாக விழுந்த ஜால்ராவும் புல்லாங்குழலின் நுனியும் எங்கே போய்த்தொலைந்தன என்று அவனுக்குப் புரியவில்லை. இப்போது செய்கிற சாமான்கள் எல்லாமே மட்டம் என்று முடிவு கட்டினான். அதன்பிறகு மழை பெய்து மெஷின் நிற்கிற நாட்களில் போனில் ஸ்பீக்கர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். ட்வீட்டர், வூஃபர் என்று டீக்கடையில் அவன் விளக்க ஆரம்பித்தால் ஆட்கள் பாதி டீயோடு எழுந்து போனார்கள்.

டீக்கடையில் அவனுக்கு இன்னொரு பேச்சும் உண்டு. அதற்கு மட்டும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். பூச்சிகள் செத்துப்போனது பற்றிய பேச்சு அது. அந்திக்கு வாய்க்கால் கரையில் நின்றால் முன்பெல்லாம் சில்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கும், இப்போது ஒன்றாவது கத்துகிறதா, மருந்தடித்தே எல்லாவற்றையும் கொன்றுவிட்டோமே என்று சொல்வான். கேட்பவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். மருந்தைத் திட்டினால் யார் மறுப்பார்கள்? தலையாட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போய் ஸ்பிரேயரில் மருந்தைக் கலப்பார்கள், அது வேறு விஷயம். பகலவன் சொன்னதைச் செய்கிறவன். வீட்டுக்குப் பின்னால் இருந்த தன் சின்ன வயலுக்கு மருந்தடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டான். புழு தின்றது போக மிஞ்சியதை அறுத்துக்கொண்டான். போகத்துக்குப் போகம், அந்தி நேரத்தில் வரப்பில் போய் நின்று, சில்வண்டு திரும்பி வந்துவிட்டதா என்று காத்திருந்தான். வரவில்லை. செய்த பாவம் அத்தனை சீக்கிரம் போகுமா என்று வீட்டுக்கு வந்துவிடுவான்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்தது. வீட்டில் ஒரு அறை சேர்த்துக் கட்டியது போகக் கையில் கொஞ்சம் மிஞ்சியது. அதைச் சுடர்விழி தனியாக எடுத்து வைத்து, இதற்குள் அடங்குகிற ஸ்பீக்கராகப் பாருங்கள், இதற்கு மேல் என்றால் நான் பள்ளிக்கூட மணியைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டுகிறேன் என்றாள். அவள் பேசுவது எப்போதும் உரக்கத்தான். வகுப்பில் பிள்ளைகளை அடக்கிப் பழகிய தொண்டை, வீட்டுக்கென்று தனிக் குரல் வைத்துக்கொள்ளவில்லை. பகலவனுக்கு அது பிடிக்கும். மற்றவர்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் காலத்தில் வாயைத் திறந்து பேசுகிறவள் இவள் ஒருத்திதான் என்பான். அவளிடம் படிக்கிற பிள்ளைகள் தெருவில் பார்த்து ஏதாவது சொன்னால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகள் கனிமொழி கூப்பிட்டால், டவர் சரியில்லை என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவான்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை இருவரும் பூதலூரில் பாசஞ்சர் ரயில் ஏறினார்கள். முதல் நாள் பெய்த மழையில் வயல்கள் எல்லாம் தண்ணீரும் வானமுமாகக் கிடந்தன. சம்பா நடவு முடிந்த இடங்களில் பயிர் இன்னும் பச்சை பிடிக்காமல் வெளுத்து நின்றது. நடாத இடங்களில் மேகம் விழுந்து கிடந்தது. ரயில் மேகத்துக்கு நடுவே போகிறதா தண்ணீருக்கு நடுவே போகிறதா என்று தெரியாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. பகலவன் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, புது அறையில் ஸ்பீக்கரை எந்தச் சுவரோரம் வைப்பது, சுடர்விழிக்கு நாற்காலியை எங்கே போடுவது என்று மனசுக்குள் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். தஞ்சாவூர் வருவதற்குள் அந்த நாற்காலி அறையை முழுதாகச் சுற்றி வந்துவிட்டது.

கீழவாசல் பக்கத்தில் ஒரு சந்தில், ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது ஃபாஜிலின் கடை. ஃபாஜில் நாகப்பட்டினத்துக்காரன், வயதில் பகலவனுக்கு இளையவன். துபாயில் ஒரு பெரிய ஆடியோ கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பணக்காரர்கள் நல்ல நல்ல ஸ்பீக்கர்களை வாங்கிக்கொண்டுபோய்ப் பூச்சாடி வைக்கப் பயன்படுத்துவதைக் கண்டு வயிறெரிந்தவன். ஊருக்கு வந்ததும், கையில் காசு கம்மியாகவும் காதில் ஆசை அதிகமாகவும் இருப்பவர்களுக்கு மட்டும்தான் விற்பேன் என்று கடை போட்டான். வேறு மாதிரி ஆட்கள் அந்த மாடிப்படி ஏறுவதும் இல்லை.

அவன் கடையில் ஒரு வழக்கம். ஸ்பீக்கரைக் கண்ணில் காட்ட மாட்டான். மனைவியின் பழைய, மெல்லிய வாயில் புடவை ஒன்றைக் கயிற்றில் திரையாகக் கட்டியிருந்தான். அதற்குப் பின்னால்தான் எல்லாம். நம் ஆட்களிடம் காட்டினால் எது பெரிய பெட்டி, எதில் விளக்கு எரிகிறது என்று பார்த்து வாங்கிவிடுவார்கள், காதுக்கு வாங்குவதைக் காதால் வாங்குங்கள் என்பான். பகலவன் சொன்ன தொகையைக் கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டே ஜோடிதான் தேறும், இரண்டும் ஒரே விலை, எது வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள் என்று திரைக்குப் பின்னால் போனான். கணவனையும் மனைவியையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். ஜன்னலைச் சாத்தினான். கீழே தீபாவளிக் கூட்டத்தின் சத்தம் அடங்கிப்போனது.

முதல் ஜோடியில் ஒரு பெண் பாடினாள். பின்னால் புல்லாங்குழல், ஜால்ரா, மிருதங்கம். பகலவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாக்கு விலகிவிட்டது. காணாமல்போன ஜால்ரா ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முன்னால் விழுந்தது. குழலின் நுனி, பல வருஷமாக மெஷின் இருக்கையில் மட்டும் கேட்ட அந்த நுனி, திரைப் புடவையைத் தாண்டி வந்து அவனைத் தொட்டது. அவனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எத்தனை காலமாக மட்டமான சாமானைக் கேட்டே ஏமாந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், சுடர்விழி முந்தானை நுனியைச் சுருட்டிக் காதோரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஜோடியில் அதே பெண், அதே பாட்டு. பகலவனுக்கு மறுபடியும் சாக்கு விழுந்தது. இதையா அதே விலைக்கு விற்கிறான் என்று திரும்பியவன், மனைவியின் முகத்தைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டான். அவள் கண்ணை மூடியிருந்தாள். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. வாரம் பூராவும் முகத்தில் ஏறியிருந்த களைப்பு எங்கோ இறங்கிப் போயிருந்தது. கல்யாணமான புதிதில், ரயிலில் தன் தோளில் சாய்ந்து தூங்கும்போது அவளை அப்படிப் பார்த்திருக்கிறான். அதன் பிறகு பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும் பகலவன் முதல் ஜோடிதான் என்றான், சுடர்விழி இரண்டாவதுதான் என்றாள். முதலாவது காதில் ஊசி ஏற்றுகிறது, இரண்டாவதில் அந்தப் பெண் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாள் என்றாள். பிள்ளைகளின் கூச்சலையும் மணிச்சத்தத்தையும் கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுப்போய்விட்டது டீச்சரம்மா என்று பகலவன் கேலி செய்தான். ஃபாஜிலும் சிரித்தான். சற்று நேரம் இழுபறியாக இருந்தது. கடைசியில் சுடர்விழி விட்டுக்கொடுத்தாள்.

“உங்க ஆசைக்குத்தானங்க வாங்கறோம். உங்களுக்குப் பிடிச்சதையே எடுங்க.”

“எடுத்தா நீ பக்கத்துல உக்காந்து கேப்பியா?”

“அதைப் போட்டா நான் கதவைச் சாத்திக்கிட்டு அடுப்படியிலதான் இருப்பேன்” என்று அவள் சிரித்தாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். பகலவனுக்குச் சுருக்கென்றது. ரயிலில் வரும்போது அறை முழுக்கச் சுற்றி வந்த நாற்காலி காலியாகக் கிடந்தது போல ஒரு நினைப்பு வந்தது.

ஃபாஜில் இதை எத்தனையோ தம்பதிகளிடம் பார்த்தவன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றான்.

“பாட்டுல ஏமாந்துடலாம்ணே. நம்ம ஊரு அந்தி நேரத்துல யாரும் ஏமாற முடியாது. பொறந்ததுலேருந்து கேக்கறோம்ல.”

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அவன் மாமனார் வீடு. மழை விட்ட ஒரு சாயங்காலம், வீட்டுக் கொல்லையில் நல்ல மைக் ஒன்றை வைத்துவிட்டு எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லிப் பதிவு செய்தது அது. வாங்க வருகிற எல்லோருக்கும் கடைசியாக அதைத்தான் போடுவான். முதலில் இரண்டாவது ஜோடியில் போட்டான்.

பகலவன் கண்ணை மூடினான். மடை வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே சலசலப்பு, அடியில் கனமாக ஒரு புரளல். தவளைகள் இந்தக் கரையிலிருந்து கேட்க, அந்தக் கரைத் தவளைகள் பதில் சொல்லின. எங்கோ ஒரு மாடு செருமியது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. வாழை இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அந்த ஊர் வயல்களில் அவன் மெஷின் ஓட்டியிருக்கிறான். வெளிச்சம் மங்கி, தண்ணீர் மட்டும் வெளுத்துத் தெரியும் அந்த நேரத்தை அவனுக்குத் தெரியும். நாற்காலியில் இருப்பதே மறந்து போனது. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். மனசு லேசாகி, கூடவே பாரமும் ஆயிற்று. பதிவு முடிந்ததும் பெருமூச்சு விட்டான்.

“எல்லாம் இருக்கு. ஆனா பாத்தியா சுடரு, அங்கயும் ஒரு சில்வண்டு இல்ல. மருந்தடிச்சே கொன்னுட்டானுங்க.”

சுடர்விழி வேடிக்கைக்குச் சொல்கிறானென்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். திரைக்குப் பின்னாலிருந்து ஃபாஜில் தலையை நீட்டினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பகலவன் பார்த்தான்.

“என்னங்க சொல்றீங்க” என்றாள் சுடர்விழி. அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. உதட்டைப் பார்த்துத்தான் அவன் புரிந்துகொண்டான். “அதுல சில்வண்டுதாங்க பெருசாக் கேக்குது. தவளை, தண்ணி எல்லாம் அதுக்குப் பின்னாலதான்.”

இன்னொரு தடவை போடச் சொன்னான் பகலவன். மடை, தவளை, மாடு, பஸ், வாழை இலை. சுடர்விழி ஒரு விரலைத் தூக்கி, வண்டு கத்தும்போதெல்லாம் அசைத்தாள். விரல் நிற்கவே இல்லை. அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் அசைகிற இடத்தில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. வெறும் இடம்.

முதல் ஜோடியில் போடச் சொன்னான். சுடர்விழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஃபாஜிலே முகத்தைச் சுளித்தான். அப்போது பகலவனுக்கு, எங்கோ கோடியில், ஒரு நூல் மாதிரி, இருக்கிறதோ இல்லையோ என்று ஏதோ கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பிடிக்கப் பார்த்தான். அறுந்தது, மறுபடி வந்தது, முடிந்துபோனது.

அவன் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். கீழே சந்து நிறைய ஜனம். துணிப்பைகளும் பட்டாசுப் பெட்டிகளும் குழந்தைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. குழந்தைகளின் வாய் அசைந்தது. அவர்கள் பேசுவது அவனுக்கு எட்டவில்லை. யாரும் வாய்க்குள் முணுமுணுக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. டவரும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கனிமொழி அத்தனை நாளும் தெளிவாகத்தான் பேசியிருக்கிறாள். டிவியில் சாக்கு இல்லை, பஸ்ஸில் சாக்கு இல்லை. பல வருஷமாக மெஷின் அவன் காதில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு தாள் விடாமல் அறுத்திருக்கிறது. அவனுக்குத் தன்மேல் கோபம் வந்தது, மெஷின்மேல் வந்தது, யார்மேலென்று தெரியாமலும் வந்தது.

சுடர்விழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சந்தைப் பார்த்தபடியே கேட்டான்.

“அப்ப நம்ம வயல்ல?”

“கத்துதுங்க. தினமும்.”

“நான் அத்தன தடவை சொன்னப்ப ஒரு நாளாவது நீ சொல்லலியே.”

“காலம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி சொல்றீங்கன்னு நெனச்சேங்க. ஊரே அதைத்தானே சொல்லுது. அதுங்க போடற சத்தத்துல நோட்டு திருத்த முடியலன்னு நான் ஜன்னலச் சாத்துவேன். புழுக்கமா இருக்குன்னு நீங்க வந்து தெறந்து விடுவீங்க. நம்ம வயல்லதான் மத்த இடத்தவிட அதிகமாக் கத்துது. நீங்க மருந்தடிக்கலல்ல.”

பகலவன் அவளையே பார்த்தான். போகத்துக்குப் போகம் வரப்பில் நின்றது நினைவுக்கு வந்தது. காலைச் சுற்றி அவை கத்திக்கொண்டிருக்க, நடுவில் நின்று, அவை செத்துப்போனதற்காக அவன் துக்கம் அனுஷ்டித்திருக்கிறான். தன்னை நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் அழுகை முந்திக்கொண்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அப்ப அதுங்கல்லாம் உசுரோடதான் இருக்கா.”

“இருக்குங்க.”

“நல்லதாப் போச்சு” என்றான். மனசாரத்தான் சொன்னான். காது போன துக்கம் ஒருபக்கம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய பாரம் இறங்கிப் போயிருந்தது. செய்யாத கொலைக்குப் பல வருஷமாகத் தலைகுனிந்திருந்தவனை, நீ கொல்லவில்லை போ என்று அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே போனதும் ஃபாஜிலிடம் இரண்டாவது ஜோடியைக் கட்டச் சொன்னான். சுடர்விழி விடவில்லை. அந்த முதல் ஜோடியில்தானே உங்களுக்குக் கொஞ்சமாவது கேட்டது, அதையே வாங்குங்கள், எனக்கு ஊசி குத்தினால் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஃபாஜிலும் தயங்கி, அண்ணன் காதுக்கு அதுதான் சரியாக இருக்கும் என்றான். பகலவன் தலையசைத்தான்.

“தனியா உக்காந்து கேக்கறதுக்கு எனக்குப் பெட்டி எதுக்கு? அதெல்லாம் தலைக்குள்ளயே இருக்கு. நீ கேக்கறதுக்கு வாங்குவோம். நான் உன்னப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஃபாஜில் திரையை விலக்கினான். இரண்டாவது ஜோடி சின்னதாக, மங்கலாக, எந்த விளக்கும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கண்ணில் பட்டிருந்தால் பகலவன் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். கூடக் கொடுத்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழைக் காட்டி, இதை வலப்பக்கம் திருப்பினால் ஜால்ரா, குழல் நுனி மாதிரியான மேல் சத்தம் ஏறும், அண்ணனுக்குக் கொஞ்சம் உதவும் என்று சொல்லி அனுப்பினான் ஃபாஜில்.

தீபாவளி முடிந்ததும் சுடர்விழி அவனைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் பின்னால் காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இன்னொரு மெஷினா என்று பகலவன் அலறிவிட்டான். ஆனாலும் சம்பா அறுப்புக்குக் காதடைப்பான் மாட்டிக்கொண்டுதான் ஏறுவேன் என்று அவளிடம் சத்தியம் செய்துகொடுத்தான். டீக்கடையில் பூச்சிப் பேச்சு நின்றது. வயலுக்கு மட்டும் மருந்து அடிக்கவில்லை. உள்ளதைக் காபந்து பண்ண வேண்டாமா என்றான்.

புது அறையில் ஸ்பீக்கர்கள் மேற்குச் சுவரோரம் அமர்ந்தன. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுடர்விழி பாட்டுப் போடுவாள். அவன் வருகிற காலடி கேட்டால் ஓசைப்படாமல் குமிழை வலப்பக்கம் திருப்பி வைப்பாள். அவன் வந்து உட்கார்ந்து, அவள் புருவம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு வருவான். அதன்பிறகு அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் முகத்தில் புல்லாங்குழல் ஏறி இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பழகப் பழக, எந்த இடத்தில் ஜால்ரா விழுகிறது என்பதுகூட அவள் இமையில் தெரிந்தது. அவன் தலைக்குள் இருந்த பாட்டு அந்த இமையோடு சேர்ந்து நடந்தது.

கார்த்திகையில் ஒருநாள் மழை விட்டிருந்தது. சுடர்விழி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அந்தி மங்கிவிட்டது. பயிருக்கு நடுவே தண்ணீர் மட்டும் வெளுத்துக் கிடந்தது. வரப்பில் இருவரும் நின்றார்கள். தவளைகள் அவனுக்குக் கேட்டன. அதற்கு மேலே வழக்கம்போல வெறும் இடம். அவள் அவன் மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கத்தில் விரல் நுனியால் தட்டத் தொடங்கினாள். தட்டித் தட்டி ஒரு சின்ன நிறுத்தம், மறுபடியும் தட்டல். என்ன என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தாளம்தான். பிறந்ததிலிருந்து கேட்டது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் இரைச்சலுக்கு நடுவிலேயே குழலை வரவழைத்தவனுக்கு இந்த அமைதியில் ஒரு வண்டை வரவழைப்பது பெரிய காரியமில்லை. வந்தது. முதலில் தூரத்தில், பிறகு காலடியில், கூர்மையாக, ஈரமாக. அவள் விரலும் வண்டும் ஒன்றாகப் போயின. எத்தனை நேரம் அப்படி நின்றார்களோ, திடீரென்று விரல் ஒரு தட்டு தடுமாறியது. தாளம் கலைந்து, முந்திக்கொண்டு, தயங்கி, மறுபடி சேரப் பார்த்தது.

“இன்னொண்ணு வந்து சேந்துக்கிச்சா?” என்று கேட்டான் பகலவன்.

சுடர்விழி சட்டென்று அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். “ஆமாங்க, இப்பதான். அந்த வரப்புலேருந்து” என்றாள். இன்னொரு கையையும் எடுத்து அவனுடைய மறு மணிக்கட்டில் தட்டத் தொடங்கினாள்.